ஆறு என்று எழுதியவள்

அருணகிரியின் குரல் முதன்முதலாகத் திக்கியது தக்காளி ஏலத்தின் நடுவில். "அய்யலூர்க்காரர் கேட்டாச்சு, கேட்டாச்சு, கேட்டாச்சு" என்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டே நின்றது. சுற்றி நின்ற வியாபாரிகள் அதை அவருடைய பாணி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் வாயை மூடிய பிறகும் கழுத்துப் பட்டையிலிருந்து "கேட்டாச்சு" வந்துகொண்டே இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அருணகிரி பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

தொண்டையில் புற்றுநோய் வந்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் குரல்பட்டை வழியாகத்தான். இரண்டு விரல் அகலம் இருக்கும், கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வது. பேச நினைக்கும்போது தொண்டை நரம்புகளில் ஓடும் அசைவை அது படித்துச் சத்தமாகச் சொல்லும். ஆரம்பத்தில் ரயில்நிலைய அறிவிப்பு போலத்தான் இருக்கும். போட்டுப் பேசப் பேச ஆளைப் பழகிக்கொள்ளும். பழைய பதிவுகளிலிருந்து குரலை எடுத்துக்கொள்ளும், பேசும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். நரம்பு பாதிதான் சொன்னது என்றால் மீதியைப் பழக்கத்திலிருந்து அதுவே முடித்துவிடும். அருணகிரி "வாங்க" என்று நினைத்தால் போதும், "வாங்கண்ணே, நல்லாப் பாருங்க, இன்னிக்குப் பறிச்சது" என்று பட்டை சொல்லிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தையில் பலருக்கு அது பட்டையின் குரல் என்பதே மறந்துபோயிருந்தது.

அவர் மனைவி பூங்கோதை ஊரிலேயே ஒரு கூட்டுறவு வங்கியில் மேலாளர். பட்டையின் செயலி அவள் கைபேசியில்தான் இருந்தது. அருணகிரிக்கு அதிலெல்லாம் பொறுமை கிடையாது. அவருக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்துக்கும் அதுவே காரணம்.

அந்தப் பட்டை புதியது அல்ல. ஆபரேஷனுக்கே கடன்பட்டிருந்த அவர்களுக்கு, கடைசியாக வந்த ஆறாம் வெர்ஷன் வாங்க வசதி போதவில்லை. ஒருவர் போட்டு, அவர் இறந்த பிறகு வீட்டார் திருப்பிக் கொடுக்கும் பட்டைகளைச் சுத்தம் செய்து இல்லாதவர்களுக்குத் தரும் ஒரு டிரஸ்ட் இருந்தது. அதில் மனுப் போட்டு மூன்றாம் வெர்ஷன் ஒன்றை வாங்கி வந்தாள் பூங்கோதை. அடுத்தவர் செருப்பில்கூடக் கால் நுழைக்காத மனுஷன் அருணகிரி. இன்னொருவர் கழுத்தில் கிடந்தது என்று சொன்னால் ஆயுளுக்கும் ஊமையாகவே இருந்துவிடுவார். அதனால், "புதுசுங்க, இப்பத்தான் வந்திருக்காம்" என்று சொல்லித்தான் மாட்டிவிட்டாள்.

அந்த வாரமே அருணகிரியின் தங்கை வளர்மதி கோவையிலிருந்து போன் செய்தாள். "எங்க அத்தைக்கு ஆறு போட்டிருக்கோம் அண்ணி. அண்ணனுக்கு எது?"

"ஆறுதான்" என்றாள் பூங்கோதை. கணவருக்குச் சொன்னதை அவர் தங்கைக்கு மாற்றிச் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த 'ஆறுதான்' வாயிலிருந்து வந்தபோது இருந்த இதத்தை அவளால் தன்னிடமே மறைத்துக்கொள்ள முடியவில்லை.

குரல் திக்கிய அன்று சாயந்திரம், 'குரல்பட்டை சொந்தங்கள்' என்ற இணையக் குழுவில் அவள் உதவி கேட்டு எழுத உட்கார்ந்தாள். பட்டை போட்டவர்களும் அவர்கள் வீட்டாருமாக ஆயிரக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். வளர்மதியும் இருந்தாள். எழுதத் தொடங்கும்போதே ஒரு கட்டம் வந்து நிற்கும். உங்கள் வெர்ஷன் எண் என்ன? அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. நிரப்பிவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும்.

கேட்பது ஒரு எண்தான். ஆனால் புதிதாக ஒரு ஊருக்குப் போனால் "நீங்க எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்களே, அந்தக் கேள்வி போல அது ஆகியிருந்தது. ஆறு என்று போட்டால் "சொல்லுங்க மேடம்" என்று நாலு பேர் வருவார்கள். மூன்று என்று போட்டால், "ஓ, டிரஸ்ட் பட்டையா? அங்கேயே கேட்டுப் பாருங்களேன்" என்று ஒருவர் எழுதுவார். அதற்கு மூன்று பேர் கைகூப்புப் படம் போடுவார்கள். பூங்கோதை பல தடவை இதைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை அவளும் கைகூப்பியிருக்கிறாள்.

அவள் ஆறு என்று எழுதினாள்.

பதில் சீக்கிரமே வந்தது. எழுதியவள் ஜெசிந்தா, நாகர்கோவிலில் பட்டை பழுது பார்ப்பவள், குழுவில் எல்லோருக்கும் பலன் எதிர்பார்க்காமல் உதவுகிறவள்.

"ஆறுல இந்தத் திக்கல் வந்து நான் பார்த்ததில்லையே. வெர்ஷன் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா மேடம்?"

"ஆறுதாங்க. படம் எடுக்க வரலை" என்று எழுதினாள் பூங்கோதை.

"சரி, ஆறுன்னா பயமில்ல. முழு ரீசெட் போட்டுடுங்க. சார் குரல், பழக்கம் எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கும். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும்."

செயலியில் முழு ரீசெட்டை அழுத்தப் போனபோது, இந்தப் பட்டையில் உள்ள பழகிய குரல் நீக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பூங்கோதையின் விரல் நின்றது. இப்போதுகூட ஜெசிந்தாவிடம், தப்பாக எழுதிவிட்டேன், மூன்றுதான் என்று சொல்லலாம். தனியாகக்கூடச் சொல்லலாம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆறு நின்றது. வளர்மதி அதற்குக் கீழே, "அண்ணனுக்குச் சீக்கிரம் சரியாகட்டும்" என்று எழுதியிருந்தாள். விஷயம் தெரிந்தவள் சொல்கிறாள், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

பட்டையின் விளக்கு அணைந்து எரிந்தது. அருணகிரி அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பேசிப் பார்ப்பதற்காக அவளைப் பார்த்துச் சிரித்தபடி வாயைத் திறந்தார்.

"காப்பி கொடு, முண்டம்."

யாரோ ஒரு ஆணின் குரல். தடித்த, கரகரத்த குரல். வீட்டுக்குள் வேறு ஆள் வந்துவிட்டது போலப் பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். அருணகிரியின் கை பட்டைக்குப் போனது. தலையை ஆட்டிக்கொண்டு அவசரமாக எதையோ சொல்ல முயன்றார்.

"நான் சொல்லல. வாயை மூடு. மூஞ்சியப் பாரு."

அவர் பட்டையைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அருணகிரி அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அன்று பூங்கோதைக்குக் குரல் மாறியதைவிட அந்த வார்த்தைகள்தான் பெரிதாகத் தெரிந்தன. பட்டை மனசில் இருப்பதைத்தானே சொல்லும்? செயலியை எப்போதாவது திறந்து பார்த்திருப்பார். பழைய பட்டை என்று தெரிந்திருக்கும். இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தது இன்று வெளியே வந்துவிட்டது. தனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தாள். அதனால் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அவரும் எதுவும் எழுதிக் காட்டவில்லை. முன்பெல்லாம் பட்டை இல்லாத நேரத்தில் கைபேசியில் எழுதி நீட்டுவார். இப்போது அதுவும் இல்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தையிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, காய்ச்சல் என்று பூங்கோதைதான் சொல்லி அனுப்பினாள். அவர் இடத்தில் வேறொருவர் ஏலம் கூற ஆரம்பித்தார்.

ஜெசிந்தா கேட்டிருந்தாள்: "சார் குரல் திரும்பிடுச்சா மேடம்?"

மூன்று என்று சொல்லாமல் குரல் வரவில்லை என்று சொல்ல முடியாது. "வந்துடுச்சு. ரொம்ப நன்றி" என்று எழுதினாள். அதைப் பார்த்த குழு நிர்வாகி, திக்கல் வந்தால் முழு ரீசெட் போடவும், ஆறாம் வெர்ஷனில் சோதித்துப் பார்த்தது என்று அந்த உரையாடலை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், வங்கியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தாள் பூங்கோதை. சேலத்திலிருந்து கோபிநாதன் என்பவர் குழுவில் எழுதியிருந்தார். அவர் மனைவிக்கும் பட்டையில் அதே திக்கல். ஜெசிந்தா அவரிடமும் வெர்ஷன் பக்கத்தின் படம் கேட்டிருந்தாள்.

"ஆறுதாங்க. படம் எடுக்கத் தெரியல. மேல போட்டிருக்கிற மாதிரி ரீசெட் போட்டுடறேன்" என்று எழுதியிருந்தார் அவர்.

பூங்கோதைக்கு அந்த வரியைத் திரும்பப் படிக்கத் தேவையிருக்கவில்லை. அது அவள் எழுதிய வரி. எந்த முகத்தோடு எழுதியிருப்பார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

தனியாக அவருக்கு எழுதினாள். அவர் பார்க்கவில்லை. ரீசெட் போடப் போகிறவர் குழுவைத்தான் திறந்து வைத்திருப்பார். பக்கத்து மேசையில் காசாளர் ஏதோ கேட்டார், அது காதில் விழவில்லை. குழுவில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதினாள்.

"கோபிநாதன் சார், தயவுசெய்து அழுத்தாதீங்க. மேலே இருக்கிறது பொய். என் கணவரோடது ஆறு இல்ல, மூணு. டிரஸ்ட்ல வாங்கினது. வெட்கப்பட்டு ஆறுன்னு போட்டேன். ரீசெட் போட்டதும் அவர் குரல் போயிடுச்சு. திரும்பி வரல. வந்துடுச்சுன்னு எழுதினதும் பொய்தான்."

அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது நிறையப் பேர் படித்திருந்தார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. கைகூப்புப் படம்கூட இல்லை. வளர்மதியின் பெயரும் படித்தவர்களில் இருந்தது. கோபிநாதனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"அழுத்தலைங்க. கை கிட்டப் போயிடுச்சு. எங்களுதும் மூணுதான். எம் பொண்ணு கல்யாணம் பேசிட்டிருக்கோம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தக் குழுவில இருக்காங்க. தயவுசெஞ்சு இதை அங்க சொல்லிடாதீங்கம்மா."

"சொல்லமாட்டேன்" என்று பதில் எழுதினாள்.

வங்கி முடிந்து வெளியே வரும்போது வளர்மதி அழைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் பூங்கோதைக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எங்கிட்டகூடவா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"இனிமேதான் சொல்லணும்."

அருணகிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பூங்கோதை பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரே நின்று சொன்னாள். டிரஸ்ட், மூன்றாம் வெர்ஷன், ஆறு என்று எழுதியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "நீங்க அன்னிக்குத் திட்டினது சரிதாங்க. அதுக்கு மேலயும் திட்டலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கைபேசியை எடுத்தார். எழுதவும் அழிக்கவுமாக நெடுநேரம் ஆனது. பிறகு நீட்டினார்.

'நான் திட்டல. நெனச்சது காப்பி வேணும்கிறது மட்டும்தான். ஆனா மெஷின் உள்ள இருக்கிறதத்தானே சொல்லும்னு தோணுச்சு. உன்னப் பத்தி அப்படி ஒரு நெனப்பு எனக்குத் தெரியாமலே எனக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். அதான் உன் மூஞ்சியப் பார்க்க முடியல.'

பூங்கோதை அதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு எண்ணை மாற்றி எழுதியதற்கு இந்த மனுஷன் ஒரு வாரமாகத் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜெசிந்தா அன்றே போனில் வந்தாள். பூங்கோதை அருணகிரிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணுல சர்வர் சேமிப்பு கிடையாது மேடம். பழகினது எல்லாம் பட்டைக்குள்ளதான் இருக்கும், ரீசெட் போட்டா போயிடும். இன்னொரு குறையும் உண்டு. முதல்ல அதைப் போட்டிருந்தவரோட பழக்கம் அடியில தங்கிடும். டிரஸ்ட்ல சுத்தம் பண்றது மேலாகத்தான். நீங்க முழுசா ரீசெட் போட்டதும் அந்த முதல் ஆள் மேல வந்துட்டாரு. குரலும் அவருது, பாதியில முடிச்சுக் கொடுக்கிற வார்த்தையும் அவருது. சார், கேட்குதுங்களா? அதுல உங்களுது எதுவும் இல்ல."

அருணகிரி கண்களை மூடிக்கொண்டார்.

"இதுக்குத்தான் வெர்ஷன் கேட்கிறோம்" என்றாள் ஜெசிந்தா. சற்று நிறுத்தி, "என் மேலயும் தப்பு இருக்கு. ஆறுல வராத திக்கல்னு எனக்கே தோணுச்சு. அழுத்திக் கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அவர் குரல்?" என்று கேட்டாள் பூங்கோதை.

"அது போனதுதான். ஏலம் கூறினப்ப யாராவது எடுத்த பதிவு இருந்தா அனுப்புங்க, மறுபடி பழக்கலாம். ஆனா முன்ன மாதிரி வராது. அதுக்கும் முதல்ல அடியில இருக்கிறவரை அழிக்கணும். மூணுல அதுக்கு அந்தக் குடும்பத்தோட அனுமதி வேணும். அவங்க கைபேசியிலிருந்துதான் அது வரணும். டிரஸ்ட் மூலமா கேட்டுப் பார்க்கிறேன்."

முதலில் பட்டை போட்டிருந்தவரின் குடும்பம் கோவில்பட்டியில் இருந்தது. அனுமதி கொடுக்கச் சம்மதம், ஆனால் அதற்கு முன்னால் இப்போது பட்டை போட்டிருப்பவரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று இறந்தவரின் மனைவி கேட்டதாக டிரஸ்டிலிருந்து சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் வந்தாள். பெயர் வடிவம்மாள். அறுபது வயது இருக்கலாம். பின்னால் ஒரு லாரிப் பட்டறையின் காலண்டர் தொங்கியது. அவள் கணவர் நடத்திய பட்டறையாம்.

"ஒங்களுக்கு ரொம்பச் சங்கடம் ஆயிப்போச்சாம்லா" என்றாள்.

"எங்க தப்புதாங்கம்மா" என்றாள் பூங்கோதை. "நான்தான் வெர்ஷனை மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீய. அதுக்குள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். கொடுக்கும்போது டிரஸ்ட்காரங்க கேட்டாங்க, முழுசா அழிச்சுத் தாரீயளான்னு. அழிக்கணும்னா ஒருக்கா போட்டுக் கேட்டுப் பார்க்கணுமாம். எனக்கு அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேட்க தைரியம் இல்ல. இப்படி ஒரு மனுஷங்கூட இருந்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்னு கூச்சம் வேற. அப்படியே கொடுத்துட்டேன். யார் வீட்டுல போய்ப் பேசப் போகுதோன்னு நெனைக்காம."

பிறகு அவளே, "ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. அந்தச் சத்தம் அப்படியே இருக்கா, கேட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கான்னு பார்க்கணும்" என்றாள்.

அருணகிரி பட்டையைக் கையில் எடுத்தார். மாட்டிக்கொள்ளத் தயங்கினார். ஒவ்வொரு வார்த்தையாக, முழுசாக நினைத்துப் பேசினால் பட்டைக்கு முடித்துக்கொடுக்க இடம் இருக்காது என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். மாட்டிக்கொண்டு, படிக்கத் தெரியாதவர் எழுத்துக் கூட்டுவது போல, மெதுவாகச் சொன்னார்.

"வணக்கம். அம்மா."

கரகரத்த குரல் கூடத்தில் நின்றது. வடிவம்மாளின் தோள்கள் சற்று உள்ளே இழுத்துக்கொண்டன. பல வருடப் பழக்கத்தில் வந்த அசைவு அது. அருணகிரிக்கு அது தெரிந்துவிட்டது. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், "நல்லா இருக்கீங்களா" என்று நினைத்தார். அவசரம் பட்டைக்குப் போதுமானதாக இருந்தது.

"நல்லா இருக்கியா முண்டம்."

அவர் இரண்டு கையாலும் பட்டையைப் பொத்திக்கொண்டார். பூங்கோதை, "அம்மா, அவர் அப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் தாயி. அவரு வாயில வந்தது இல்ல அது." வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. வேர்த்திருந்தது. "முப்பத்தஞ்சு வருசம். இந்தச் சத்தம் எனக்கு ஒரு நாளும் வணக்கம் சொல்லிக் கேட்டதில்ல. மொதல்ல சொன்னாருல்லா, அந்த ரெண்டு வார்த்த. அத மட்டும் இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. பிறகு அழிச்சிருவோம்."

அருணகிரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்தார். கைகளைக் கூப்பினார். எந்த அவசரமும் இல்லாமல், இரண்டு வார்த்தைகளையும் முழுசாக நினைத்துச் சொன்னார்.

வடிவம்மாள் இந்தத் தடவை அசையாமல் கேட்டாள்.

"போதும்" என்றாள். அவள் விரல் திரையை நோக்கி வந்தது. பூங்கோதை அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.